மூத்தாளுக்கு எவ்வளவு வெளிச்சம்

என் சித்தப்பா பகலெல்லாம் இருட்டில் இருந்தார். எக்ஸ்ரே எடுக்கிற வேலை. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. அதற்குள் படம் கழுவுகிற இருட்டறை ஒன்று, அதில் ஒரே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. அங்கிருந்து வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக ஹாலில் இருந்த கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் போய் நிற்பார். தொட்டியில் உப்புத் தண்ணீர், தண்ணீருக்குள் பாறை, பாறைமேல் உயிரோடு இருக்கிற பவளங்கள், எல்லாவற்றுக்கும் மேலே அவர் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட விளக்குகள். "காலையிலேர்ந்து எலும்பையே பாத்துட்டு வந்திருக்கேன். கொஞ்சம் நிறம் பாத்துக்கறேன்" என்பார். சித்தி சமையலறையிலிருந்து, "நல்லா பாருங்க. செருப்ப மட்டும் வெளிய விட்டுட்டுப் பாருங்க" என்பாள்.

சித்திக்கு அந்தத் தொட்டிமேல் தீராத வழக்கு ஒன்று இருந்தது. கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் கால் வைத்த அன்றே, ஹாலில் நல்ல இடத்தையெல்லாம் அது பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள். தொட்டியின் நடுவில் கையளவு மூளைப் பவளம் ஒன்று, மடிப்பு மடிப்பாக, பச்சையும் காவியுமாக உட்கார்ந்திருந்தது. நண்பர் ஒருவர் தன் தொட்டியிலிருந்து வெட்டிக் கொடுத்த துண்டாம். "இது இங்க எத்தன வருஷமா இருக்கு?" என்று புதுப்பெண் கேட்டாள். மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார். "அப்ப இவ எனக்கு மூத்தாள்" என்றாள் சித்தி. அன்றிலிருந்து அந்தப் பவளத்துக்கு மூத்தாள் என்பதே பெயர். சித்தப்பா வேலைக்குக் கிளம்பும்போது தொட்டியைப் பார்த்து "போயிட்டு வரேன்" என்பார். சித்தியிடம் சொல்லிக்கொண்டு போகிற பழக்கமே கிடையாது, கதவு சாத்துகிற சத்தம்தான் அவளுக்கு. கல்யாணமான நாளிலிருந்து அவள் இதைச் சொல்லிக் காட்டினாள். அவரும் வாழ்நாள் முழுக்க மாற்றிக்கொள்ளவில்லை.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் சித்தி என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனதால் பள்ளிக்கூடம் விட்டதும் நான் அந்த வீட்டுக்குத்தான் போவேன். அம்மா வந்து கூட்டிப் போகிறவரை தொட்டிக்கு முன்னால் பாய் போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். சாயங்காலம் வெள்ளை டியூப்களை ஒவ்வொன்றாக அணைத்து நீல டியூப்களை மட்டும் சித்தப்பா விட்டுவைப்பார். அப்போது என் வெள்ளைச் சீருடை பளீரென்று நீலமாக ஒளிரும். சிரித்தால் பல்லும் ஒளிரும். மூத்தாளின் பச்சை உள்ளேயிருந்து யாரோ விளக்குப் பிடிக்கிற மாதிரி எரியும். என் நோட்டுப் புத்தகத்தின் பக்கம்கூட அந்த நிறத்துக்கு வந்துவிடும். இப்போது இதை எழுதும்போதும் அந்த நீலம் என் கண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. அதற்கப்புறம் எத்தனையோ நல்ல ஊர், நல்ல கடற்கரை எல்லாம் பார்த்தாயிற்று. அந்த நீலம் எங்கேயும் கிடைக்கவில்லை.

சித்தப்பாவுக்கு விளக்கு விஷயத்தில் சட்டதிட்டங்கள் உண்டு. ஒருமுறை கேட்டால் போதும், விடமாட்டார். "பவளம் வீட்டுக்காரி. அவ உடம்புக்குள்ள பொடிப்பொடியா பாசி குடியிருக்கு. வெளிச்சத்த வாங்கிச் சமைக்கறது பாசி. வீட்டுக்காரிக்கு அதுல பங்கு. வெளிச்சம் கம்மியானா ரெண்டு பேரும் பட்டினி. அதிகமானா, குடியிருக்கிறவன வீட்டுக்காரி வெளிய தள்ளிடுவா. அப்புறம் வெறும் வீடு, வெள்ள வெளேர்னு." அதனால் யாருக்கு எவ்வளவு வெயில் வேண்டுமோ பார்த்து அந்தந்த மாடியில் குடிவைப்பார். வெயில் தாங்கிகள் பாறை உச்சியில், கூச்சக்காரர்கள் நிழலில், மூத்தாள் நடுமாடியில். தொட்டியை மூடியிருந்த கண்ணாடியில் உப்புப் படிந்தால் அன்றைக்கே துடைத்துவிடுவார். "பாதி வெளிச்சத்த இந்த உப்பே தின்னுடும். கண்ணாடியத் துடைக்காம விளக்கக் குறை சொல்லக்கூடாது."

விளக்கும் நேரத்துக்கு அணைந்தாக வேண்டும். ஒருநாள் என் அப்பா, அவருக்குச் சொந்த அண்ணன், அலுவலக நண்பர்கள் இரண்டு பேரைத் தொட்டி பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்தார். கொஞ்சம் நேரமாகிவிட்டது. "அவங்க தூங்கப் போயாச்சு" என்று சித்தப்பா சுவிட்சைத் தொடவே மறுத்துவிட்டார். மூன்று பேரும் நாற்காலி போட்டு இருண்ட தொட்டியைப் பார்த்தபடி காபி குடித்துவிட்டுப் போனார்கள். "எனக்கு மானம் போச்சு" என்று அப்பா வழியெல்லாம் புலம்பினார். "பவளம் தூங்குதாம். இவன ஏதாவது டாக்டர்கிட்ட காட்டணும்."

பழைய டியூப்களை மாற்றுவதிலும் ஒரு முறை வைத்திருந்தார். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றமாட்டார். ஒன்றை மாற்றி, சில வாரம் விட்டு, அடுத்தது. "டியூப் திடுதிப்புன்னு மங்காது. தினம் ஒரு துளி மங்கும். மெல்ல மங்கறத நம்ம கண்ணு கண்டுபிடிக்காது, அதுவும் கூடவே பழகிடும். எல்லாத்தையும் ஒரே நாள்ல புதுசாக்கினா நமக்கு நல்லா இருக்கும். அதுங்களுக்கு நடு வெயில்ல தூக்கிப் போட்ட மாதிரி." புதிதாக ஒரு பவளம் வந்தாலும் இதே கதைதான். கொசுவலைத் துணியைச் சதுரமாக வெட்டி, நாலைந்து மடி அடுக்கித் தொட்டிக்கு மேலே விரிப்பார். சில நாளைக்கு ஒரு மடியாக எடுப்பார். கடைசி மடி போகும்போது பவளத்துக்கு வெளிச்சம் பழகியிருக்கும். அந்தக் கொசுவலை சித்தி ஆசை ஆசையாக வாங்கிய புது வலை. கேட்காமல் வெட்டிவிட்டார். அவள் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, மிச்சமிருந்த துணியைப் பரண்மேல் பத்திரமாக வைத்தாள். "என்னைக்காவது காட்டிச் சண்ட போடறதுக்கு வேணும்" என்றாள்.

நான் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனேன். சித்தப்பா ஓய்வு பெற்றார். டியூப்கள் போய் எல்இடி விளக்கு வந்தது. அதில் இரண்டு திருகுகள், ஒன்று நீலத்துக்கு, ஒன்று வெள்ளைக்கு. வெளிச்சத்தை அளக்கிற கருவி ஒன்றையும் வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கடைக்காரர் காட்டினாராம். "காலம் பூரா கருப்புக்கும் சாம்பலுக்கும் நடுவுல மயிரிழை வித்தியாசம் பாத்த கண்ணு. இதுக்கு மேல கருவியா?" என்று சித்தப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கண்ணைப் பற்றி அவருக்கு அவ்வளவு கர்வம். மூத்தாளும் அதற்குள் இரண்டு கையாலும் அணைத்தால் அடங்காத அளவுக்கு வளர்ந்திருந்தாள்.

அப்புறம்தான் அந்த வீட்டில் சட்டைச் சண்டை ஆரம்பித்தது. நான் போன் பண்ணும்போதெல்லாம் சித்தி அதையே சொல்வாள். "உங்க சித்தப்பாவுக்கு என் துவையல் பிடிக்கலையாம். சட்டையெல்லாம் மஞ்சளாயிடுச்சாம். தொட்டி வெளிச்சத்துல நின்னா முன்ன மாதிரி பளிச்சுன்னு இல்லயாம். நான் சோப்ப மாத்திப் பாத்துட்டேன், நீலம் போட்டுப் பாத்துட்டேன், இனிமே ஆளத்தான் மாத்தணும்." நானும் சிரித்துவிட்டு போனை வைத்துவிடுவேன். ஓய்வு பெற்ற ஆண்கள் வீட்டில் உட்கார்ந்து குறை கண்டுபிடிப்பது உலகத்தில் இல்லாத விஷயமா என்ன?

தொட்டியும் அவருக்கு மஞ்சளாகத்தான் தெரிந்திருக்கிறது. தண்ணீரை மாற்றினார். ஃபில்டரில் இருந்த கரியை மாற்றினார். உப்புப் பொட்டலத்தை மாற்றினார். மின்சாரம் சரியாக வரவில்லை என்றார். சித்தி தாளிக்கிற புகைதான் படிகிறது என்றுகூடச் சொல்லிப் பார்த்து, வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒன்றும் பலிக்காததால் நீலத் திருகைக் கொஞ்சம் கூட்டினார். மறுபடி கொஞ்சம். திருகு முட்டி நின்றதும், விளக்கு உழைத்து மங்கிவிட்டது என்று முடிவுகட்டி அதைவிடப் பெரிய விளக்கு ஒன்றை வாங்கி மாட்டினார்.

அதற்கு அடுத்த மாதம் சித்தி என்னைக் கூப்பிட்டாள். குரலில் கிண்டல் இல்லை. "மூத்தாள் சாகக் கிடக்காடி. உச்சியெல்லாம் வெளுத்துப் போச்சு. உங்க சித்தப்பா சரியா சாப்பிடறதில்ல. இவ போயிட்டா தொட்டியவே எடுத்துடுவேங்கறாரு. தொட்டியும் இல்லன்னா அந்த மனுஷன் எதப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு? செவுத்தையா?" சனிக்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டேன். அவருக்காக ஒரு வெள்ளைச் சட்டையும் வாங்கிக்கொண்டேன். சட்டைச் சண்டைக்காவது ஒரு முடிவு வரட்டும் என்றுதான்.

ஹாலுக்குள் நுழைந்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டேன். அப்படி ஒரு நீலம், முகத்தில் அறைகிற நீலம். அதற்கு நடுவில் மூத்தாள் எலும்பு நிறத்தில் இருந்தாள். மேல் பாதி முழுக்க வெளுப்பு. கீழே, பாறை நிழல் விழுகிற பக்கத்தில் மட்டும் பழைய பச்சை ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டு, ஒரு வாரத் தாடியோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சித்தப்பா, இவ்வளவு நீலம் வச்சிருக்கீங்க? கண்ணு கூசுது."

"நீலமா? நீ வேற. மங்கிப் போய்க் கிடக்கு. வெளிச்சம் பத்தாமதான் இவ பட்டினியில வெளுக்கறா. இன்னொரு விளக்கு சொல்லியிருக்கேன், செவ்வாய்க்கிழமை வந்துடும்."

"நானும் கூசுதுன்னுதான் சொல்றேன், காதுலயே வாங்கறதில்ல" என்றாள் சித்தி. "நிழல்ல இருக்கறதெல்லாம் நல்லா இருக்கு, வெளிச்சத்துல இருக்கறதுதான் வெளுக்குது. இது எனக்கே தெரியுது."

"உனக்கு என்ன தெரியும் விளக்கப் பத்தி? நான் போட்டிருக்கற சட்டைய வெளுக்கற வழியப் பாரு."

இந்த இடத்தில் சித்தி பொங்கியெழுவாள் என்று நான் நினைத்தேன். எழவில்லை. அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் என் பையைத் திறந்து, நான் வாங்கி வந்திருந்த சட்டையை எடுத்து, அட்டையையும் குண்டூசியையும் உருவிப் போட்டுவிட்டு, சித்தப்பாவின் கையைப் பிடித்து ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனாள். வெளியே நல்ல வெயில்.

"இது என்ன நிறம், சொல்லுங்க."

"மஞ்சள். இதயும் நீயே துவைச்சியா?"

"இது இப்பதான் பொட்டலத்துலேர்ந்து எடுத்தது. உங்க அண்ணன் பொண்ணு கடையில வாங்கிட்டு வந்தது."

சித்தப்பா சட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சித்தி உள்ளே போய்த் தொட்டிக்குப் போடுகிற உப்பை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். அந்த உப்பைத் தன் கையாலேயே பல வருஷமாக அளந்து கரைக்கிறவர் அவர். விரலால் கிளறிவிட்டு நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அப்ப மங்கினது விளக்கு இல்ல" என்றார்.

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. மெல்ல மங்குவதைக் கண் கண்டுபிடிக்காது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அந்த மனிதர், தன் கண்ணில் புரை வளர்ந்ததை மட்டும் பார்க்கவில்லை. அவர் கண்ணுக்குள் நீலம் துளித்துளியாக வற்றிக்கொண்டே வந்திருக்கிறது. வற்ற வற்றத் தொட்டியில் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். எழுந்துபோய் நீலத் திருகில் கை வைத்தார். கை அங்கேயே நின்றுவிட்டது. "எவ்வளவு குறைக்கறது? நான் எதப் பாத்துக் குறைக்கறது?" என்று கேட்டார். குழந்தைமாதிரி கேட்டார்.

"நகருங்க" என்றாள் சித்தி. "ஏண்டி, நீ இங்கதானே உக்காந்து எழுதிட்டிருப்ப. அப்ப இருந்த வெளிச்சம் ஞாபகம் இருக்கா? வா, வந்து திருகு."

நான் என் பழைய இடத்தில், தரையில் உட்கார்ந்து பார்த்தேன். எழுந்து திருகைக் குறைத்தேன். மறுபடி உட்கார்ந்தேன். சித்தி அந்த வெள்ளைச் சட்டையை என் மடியில் போட்டாள். இன்னும் அதிகம், இன்னும் கொஞ்சம், நில்லு, இப்போது இருட்டு, கொஞ்சம் கூட்டு. இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே திருகினோம். ஒரு கட்டத்தில் என் கை தானாக நின்றது. உட்கார்ந்து பார்த்தால், மடியில் போட்ட சட்டை என் பழைய சீருடையின் நிறத்துக்கு வந்திருந்தது. நான் வீட்டுப்பாடம் எழுதிய அதே நீலம். சித்தியைப் பார்த்தேன். "இதுதான்" என்றாள். சித்தப்பா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டியைப் பார்க்கவில்லை.

"இது நல்லா இருக்கறவளுக்கு. இவ நோயாளி" என்று சொல்லிவிட்டுச் சித்தி ஸ்டூலைப் போட்டுப் பரண்மேல் ஏறினாள். கொசுவலையோடு இறங்கினாள். சண்டைக்காக வைத்திருந்த வலை. அதை மடித்து அடுக்கி, மூத்தாளுக்கு நேர் மேலே விரித்தாள். "சில நாளைக்கு ஒரு மடி, நான் எடுக்கறேன். நீங்க திங்கக்கிழமை கண்ணாஸ்பத்திரிக்குக் கிளம்பற வழியப் பாருங்க."

முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்தவர் தொட்டிக்கு முன்னால் நின்று ஒரு கண்ணை மூடினார், அடுத்த கண்ணை மூடினார், திரும்பவும் மூடினார். "இந்தக் கண்ணுல டீத்தண்ணி. இந்தக் கண்ணுல கடல்" என்றார். அப்புறம் சித்தி பக்கம் திரும்பி அவளையும் அப்படியே ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார். "உன் துவையலப் போயி குறை சொன்னேனே."

"சொன்னதெல்லாம் மனசுல இருக்கு. ஒண்ணொண்ணா எடுத்துக் கேப்பேன். இப்ப செருப்ப வெளிய விடுங்க."

மூத்தாள் முழுசாகப் பிழைக்கவில்லை. உச்சியில் ஒரு வட்டம் செத்தே போனது. ஆனால் வலை ஒவ்வொரு மடியாகப் போகப் போக, ஓரங்களில் முதலில் காவி வந்தது, காவிக்குள் பச்சை வந்தது. அந்த முதல் காவியைச் சித்திதான் பார்த்தாள். பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணினாள்: "குடியிருந்தவங்க திரும்பி வர்றாங்கடி! உச்சியில மட்டும் வழுக்க விழுந்திருக்கு, உங்க சித்தப்பாவுக்குப் பொருத்தமாதான் இருக்கு."

அதற்கப்புறம் இரண்டு கண்ணும் பளிச்சென்று தெரிந்தும் அவர் தன் கண்ணை மட்டும் நம்பித் திருகைத் தொட்டதே இல்லை. தினம் சாயங்காலம் சித்தியை வந்து உட்காரச் சொல்வார். "எப்படி இருக்கா?" என்று கேட்பார். "நல்லா இருக்கா" என்பாள் சித்தி. இதற்காகவே அவளுக்கும் ஒரு நாற்காலி அங்கே வந்தது. வருஷக்கணக்காகத் தொட்டிப் பக்கமே திரும்பாதவள், அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். நான் போகும்போது இரண்டு தலையும் நீலமாகத் தெரியும். அந்த வருஷங்கள்தான் அவர்கள் இரண்டு பேருக்கும் நல்ல வருஷங்கள் என்று நினைக்கிறேன்.

சித்தப்பா போன அன்று வீடு நிறைய ஆட்கள். விளக்கை யாரும் நினைக்கவில்லை. நேரமானதும் டைமர் தன் பாட்டுக்கு வெள்ளையைக் குறைத்து நீலத்தைக் கொண்டுவந்தது. எல்லாருடைய வெள்ளைச் சட்டையும் ஒளிர ஆரம்பித்தது. யாரோ அணைக்கப் போனார்கள். "இருக்கட்டும்" என்றாள் சித்தி. "இன்னும் அவங்க தூங்கற நேரம் ஆகல." நான் அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

போன வாரம் சித்தி கூப்பிட்டாள். "தொட்டி ரெண்டு மாசமா கொஞ்சம் மங்கலா தெரியுது. கண்ணாடியத் துடைச்சுட்டேன், கரியயும் மாத்திட்டேன். விளக்குல கை வைக்கல. நீ வந்து பாத்துச் சொல்லு."

போனேன். தரையில் உட்கார முழங்கால் மறுத்தது, இருந்தாலும் உட்கார்ந்தேன். மூத்தாள் தன் வழுக்கையைச் சுற்றிப் பச்சையாக எரிந்துகொண்டிருந்தாள். இதற்கென்றே நான் உடுத்தி வந்த வெள்ளைத் துணி அதே நிறத்தில் ஒளிர்ந்தது. சித்தி பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா சித்தி. அதே நீலம்தான். ஒண்ணும் மாறல."

"அப்பாடா" என்று பெருமூச்சு விட்டாள். "அவளுக்கு ஒண்ணும் இல்லல்ல?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா சித்தி, உங்களுக்கு..."

"தெரியும்டி. நீ வாயத் திறந்து சொல்றதுக்குத்தான் காத்துட்டிருந்தேன்." கதவோரம் ஒரு பை தயாராக இருந்தது, மாற்றுத் துணி, தண்ணீர் பாட்டில், சித்தப்பாவுக்குக் கண்ணாஸ்பத்திரியில் கொடுத்த பழைய கறுப்புக் கண்ணாடி. பையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். கதவைச் சாத்தப் போனவள் நின்றாள். செருப்போடு திரும்பவும் ஹாலுக்குள் போனாள்.

"போயிட்டு வரேன்டி" என்றாள், தொட்டியைப் பார்த்து.